ஆரணி ஜாகீர்: கோட்டையோடு வந்த மானியமும் அதை ஆண்ட குடும்பமும்

போளூருக்கு வடகிழக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆரணியையும் அதைச் சுற்றிய ஊர்களையும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் ஒரே குடும்பம் ஜாகீராக வைத்திருந்தது. தேசஸ்த மாத்வப் பிராமணர்களான அந்த மராத்தியக் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது, பிஜப்பூர் சுல்தானின் படையோடு தெற்கே வந்த ஷாஹாஜி போன்ஸ்லேயின் கையால். அது கைவிட்டுப் போனது, 1948இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால். இடைப்பட்ட காலத்தில் பிஜப்பூர், மராத்தியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், மைசூர் ஹைதர் அலி, கிழக்கிந்தியக் கம்பெனி, பிரிட்டிஷ் முடியாட்சி என்று ஒருவர் மாற்றி ஒருவராக இந்த மண்ணுக்கு உரிமை கொண்டாடினார்கள். செஞ்சியும் வேலூரும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆற்காட்டு நவாபின் அரசே மறைந்தது. ஆரணி ஜாகீர் மட்டும் நிலைத்தது.

ஒரு மானியம் இத்தனை ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிலைத்தது எப்படி, பிறகு ஒரே சட்டத்தில் முடிந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை ஆரணிக் கோட்டையில் இருக்கிறது. ஜாகீர்தாரின் கையில் கோட்டை இருந்தவரை, புதிதாக வந்த ஒவ்வொரு ஆட்சியாளனுக்கும் அவர் தேவைப்பட்டார். கோட்டை வேறு கைக்குப் போனபின் அவரிடம் மிஞ்சியது வாரமும் தீர்வையும் வசூலிக்கும் உரிமை. ஆவணத்தைக் காட்டி அந்த உரிமையை இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காக்க முடிந்தது. அந்தக் காலம் முழுவதும் அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்றவர் செய்த வேலை என்ன என்ற கேள்வி மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

நிலமும் நீரும்

ஜாகீரின் பரப்பு சுமார் 184 சதுர மைல். பழைய வடஆற்காடு மாவட்டத்தின் தாலுகாக்களை வரிசைப்படுத்தினால் இதுவே மிகச் சிறியது; அருகிலிருந்த போளூர் தாலுகா இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. ஆனாலும் இதன் மதிப்பைச் சதுர மைலில் அளக்க முடியாது. ஜவ்வாது மலையில் பெய்யும் மழை கமண்டல நதியாகப் படவேட்டு வழியே இறங்கி, நாகநதியோடு சேர்ந்து, கமண்டல நாகநதி என்ற பெயரில் ஆரணியைத் தொட்டுக்கொண்டு செய்யாற்றை நோக்கிப் போகிறது. மழை முடிந்ததும் மணலாகிவிடும் ஆறுதான் இது. என்றாலும் அதன் கால்வாய்களும் ஏரிகளும் ஆரணிச் சமவெளியை நல்ல நெல்விளை பூமியாக்கின. இன்று தமிழ்நாடு முழுவதும் ஆரணி அரிசி என்று பெயர் சொல்லி விற்கப்படும் வணிகத்துக்கு இந்த நஞ்சைதான் அடித்தளம்.

வடக்கே வேலூர், தெற்கே செஞ்சி, வடகிழக்கே ஆற்காடு. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வட தமிழகத்தின் தலைவிதியை முடிவு செய்த மூன்று கோட்டைகளுக்கும் நடுவில் ஆரணி இருந்தது. படைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் நெல்லும் வைக்கோலும் கிடைக்கும் இடம் அது. ஆகவே இந்தக் கோட்டையை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைப்பது எந்த ஆட்சிக்கும் அவசியமாக இருந்தது.

மராத்தியர் வருமுன்பும் இது அரசர்கள் விரும்பிய நிலம்தான். போளூரை அடுத்த படவேடு சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்று இப்பகுதியைப் பேரரசோடு சேர்த்தார். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரம் தளர்ந்தது. செஞ்சி நாயக்கர்களும் வேலூரை ஆண்டவர்களும் தமக்குள் மோதிக்கொண்டிருந்தபோது வடக்கிலிருந்து பிஜப்பூர், கோல்கொண்டா படைகள் இறங்கின.

வேதாஜி பாஸ்கர் பந்த்

பிஜப்பூர்ப் படைத்தலைவர் ரணதுல்லா கானுடன் ஷாஹாஜி 1638இல் கர்நாடகத்துக்குள் நுழைந்தார். பெங்களூர் அவருடைய இருப்பிடமாயிற்று. வெல்லும் பகுதிகளைக் கணக்கெழுதி வரி தண்டி நிருவகிக்க அவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். படையோடு வந்த மராத்தியப் பிராமண அலுவலர்கள் அந்த வேலையை ஏற்றார்கள். அவர்களில் ஒருவரான வேதாஜி பாஸ்கர் பந்த் ஆரணி ஜாகீரின் மூலவர். மானியம் 1640ஐ ஒட்டி வழங்கப்பட்டதாக மாவட்ட வரலாறுகள் குறிக்கின்றன. பிஜப்பூரின் கை செஞ்சியை எட்டியது 1649 வாக்கில்தான் என்பதை நினைத்தால், 1640 என்பதை மானியத்தின் தொடக்கமாகவும், ஆரணியில் அந்தக் குடும்பம் உறுதியாகக் காலூன்றிய காலத்தை அதன்பின் வந்த பத்தாண்டாகவும் கொள்வதே பொருத்தம்.

கொடுக்கப்பட்டது மண்ணின் முழு உடைமை அல்ல, குறிப்பிட்ட ஊர்களில் அரசுக்கு வரவேண்டிய பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. அதற்கு ஈடாகக் கோட்டையைக் காப்பதும், கேட்டபோது ஆள்பலம் தருவதும் ஜாகீர்தாரின் கடமை. ஊர்களில் உழுத குடிகளின் உரிமையும், கணக்கு, மணியம் போன்ற ஊர்ப் பணிகளும், கோயில் மானியங்களும் முன்போலவே இருந்தன. விளைச்சலில் அரசின் பங்கான மேல்வாரம் போய்ச் சேரும் இடம் மட்டுமே மாறியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் பின்னால் நடந்தவை விளங்காது.

ஷாஹாஜி 1664இல் இறந்தார். அவருடைய தென்னாட்டு உடைமைகள் இளைய மகன் ஏகோஜியிடம் இருந்தன. அவர் 1670களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றிக்கொண்டார். தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு மூத்த மகன் சிவாஜி 1677இல் பெரும்படையோடு தெற்கே வந்தார். செஞ்சி விழுந்தது. வேலூர் முற்றுகை ஓராண்டுக்கு மேல் நீண்டு 1678இல் முடிந்தது. ஆரணிக்காக யாரும் போரிட வேண்டி வரவில்லை. ஷாஹாஜி காலத்திலிருந்து கோட்டைப் பொறுப்பில் இருந்த வேதாஜி பாஸ்கர், தம் பிள்ளைகளோடு சென்று கோட்டைச் சாவிகளைச் சிவாஜியிடம் ஒப்படைத்ததாக மராத்திய வரலாறுகள் கூறுகின்றன. சிவாஜி அவரையே மீண்டும் அப்பொறுப்பில் அமர்த்தினார்.

சிவாஜியின் இயல்பான கொள்கைக்கு இது மாறானது. பரம்பரை நிலமானியம் பெற்றவர்கள் நாளடைவில் அரசனுக்கே எதிராக எழுவார்கள் என்று கருதி, அலுவலர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் ரொக்கச் சம்பளம் கொடுப்பதையே அவர் விரும்பினார். ஆனால் ஆரணி அவருடைய தளத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்தது. செஞ்சிக்கும் வேலூருக்கும் இடைவழி திறந்திருந்தாக வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்த வட்டாரத்தை அறிந்த குடும்பத்தை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்துவதற்கு அப்போது நேரமும் இல்லை, காரணமும் இல்லை. குடும்பத்தின் நெடுங்கால நிலைப்புக்கு அந்தச் சாவி ஒப்படைப்பே முதற்பாடம் என்று சொல்லலாம். கோட்டையின் பெயரால் மானியம் வந்தது. புதிய ஆட்சியிடம் சண்டையின்றிக் கோட்டையைக் கொடுத்ததால் அந்த மானியம் கையில் தங்கியது.

நவாபும் தஞ்சையும் நடுவில் ஆரணியும்

சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியிலிருந்து மராத்திய அரசை நடத்திய ஆண்டுகளும், சுல்பிகர் கானின் மொகலாயப் படை நெடுநாள் முற்றுகையிட்டு 1698இல் செஞ்சியை வென்றதும், பிறகு ஆற்காட்டில் நவாப் ஆட்சி வேரூன்றியதும் ஜாகீரைக் கலைக்கவில்லை. அக்காலத்தில் குடும்பம் தன் சமய வாழ்விலும் ஆழமாகக் கால்பதித்தது. மாத்வர்களின் உத்தராதி மடத்துப் பீடாதிபதி சத்யவிஜய தீர்த்தர் 1737இல் ஆரணிக்கு அருகே சித்தியடைந்தார். அவருடைய பிருந்தாவனம் அமைந்த ஊர் அவர் பெயராலேயே சத்தியவிஜயநகரம் எனப்பட்டது. பேச்சு வழக்கில் எஸ்.வி. நகரம். ஜாகீர்தார் ஒருவரின் உயிரைத் தம் ஆயுளைக் கொடுத்து அவர் காத்தார் என்பது மாத்வ மரபில் வழங்கும் வரலாறு. ஜாகீர்தார்களின் அரண்மனையும் பின்னாளில் அந்த ஊரிலேயே இருந்தது.

1740க்குப் பிறகு நவாபின் நாடு போர்க்களமாயிற்று. அந்த ஆண்டில் தமலச்செருவில் நவாப் தோஸ்த் அலி மராத்தியரிடம் மடிந்தார். 1742இல் அவர் மகன் நவாப் சப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார். 1749இல் ஆம்பூரில் நவாப் அன்வாருதீன் விழுந்தார். அவர் மகன் முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும், போட்டியாளர் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். ஆற்காட்டு முற்றுகையை 1751 நவம்பரில் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ், பின்வாங்கிய சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் துரத்திக்கொண்டு டிசம்பர் 3ஆம் தேதி ஆரணி வெளியில் எதிர்கொண்டார். அவரிடம் சுமார் 200 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும், முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படையில் ஒரு பகுதியும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் எண்ணிக்கையில் பல மடங்கு பெரியது. வயல்களில் நீர் தேங்கியிருந்ததால் பிரெஞ்சுப் படை குறுகிய வரப்புப் பாதையில் சிக்கிக்கொண்டது, வெற்றி கிளைவுக்கு.

அன்று ஆரணிக் கோட்டையின் தலைவர் நடந்துகொண்ட விதத்தை, கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். ராஜா சாகிப் கோட்டையில் வைத்திருந்த ஒரு யானையையும் சில குதிரைகளையும் மூட்டை முடிச்சுகளையும் வெளியே அனுப்பிவிட்டார். முகம்மது அலியையே நவாபாக ஏற்றுக்கொள்வதாக உறுதி கூறினார். கோட்டையை மட்டும் திறக்க மறுத்தார். கிளைவிடம் மதிலை உடைக்கும் பீரங்கி இல்லை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் எல்லாமே போய்விடும் என்ற தெளிவு அந்தச் செய்கையில் தெரிகிறது.

அந்தத் தெளிவும் எப்போதும் போதவில்லை. நவாப் முகம்மது அலியின் கை ஓங்கியதும் ஆரணி அவர் பிடிக்குள் வந்தது. ஜாகீர்தார் திருமலை ராவுக்குப் பதவி போயிற்று. அவருக்காகப் பேசியது தஞ்சாவூர் அரசு. இரண்டு குடும்பங்களும் ஷாஹாஜியின் படையோடு தெற்கே வந்தவை; அந்தப் பழைய பிணைப்பு நூறாண்டுக்குப் பிறகும் அற்றுப்போகவில்லை. 1762இல் கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் பிகட் முன்னின்று நவாபுக்கும் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மனுக்கும் ஓர் உடன்படிக்கையை முடித்தார். 22 லட்சம் ரூபாய் பாக்கியும் ஆண்டுக்கு 4 லட்சம் கப்பமும் தஞ்சை செலுத்தவேண்டும் என்பது அதன் மையம். ஆரணிக் கோட்டைத் தலைவரை மன்னித்து மீண்டும் அமர்த்த வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. இரண்டு அரசுகளும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியும் கையெழுத்திட்ட தாளில், நூறு கல் தொலைவுக்கும் அப்பாலிருந்த ஒரு சின்ன ஜாகீரின் பெயர் இப்படி ஏறியது.

ஒன்பது ஆண்டுகளில் அது தலைகீழாயிற்று. 1771இல் நவாபின் மகன் உம்தத்துல் உம்ராவும் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் படையும் தஞ்சையை முற்றுகையிட்டார்கள். புதிய மன்னர் துளஜாஜி அக்டோபரில் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில், பெருந்தொகைகளோடு ஆரணி ஜாகீரையும் அனுமந்தகுடியையும் நவாபுக்கு விட்டுக்கொடுப்பதும் அடங்கும். 1773இல் தஞ்சையே பறிபோனது. 1776இல் மறுபடி ஆளுநராக வந்த பிகட் துளஜாஜியை அரியணையில் அமர்த்தினார். அந்த விவகாரத்தைத் தொடர்ந்து தம் சொந்த ஆலோசனைச் சபையினராலேயே கைது செய்யப்பட்டு, காவலிலேயே மறுஆண்டு இறந்தார். சென்னைக் கோட்டையை உலுக்கிய அந்தச் சண்டையின் ஆவணங்களைப் புரட்டும்போதெல்லாம் ஆரணியின் பெயர் குறுக்கிடுவது இதனால்தான்.

கோட்டை கைவிட்டுப் போனது

1780இல் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கியபோது ஆரணி அவருக்குப் பெரிய தானிய, தளவாடக் கிடங்காயிற்று. 1782 கோடையில் சர் அயர் கூட் ஆரணியை நோக்கி நகர்ந்ததன் நோக்கமே அந்தக் கிடங்கை மிரட்டி ஹைதரைச் சண்டைக்கு இழுப்பதுதான். ஜூன் 2ஆம் தேதி நடந்த மோதலில் ஹைதரின் படை பின்வாங்கியது. ஆற்றுப் படுகையில் சிக்கிய பீரங்கி ஒன்று ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை ஹைதர் கையிலேயே இருந்தது. சில நாட்களுக்குள் கூட்டின் முன்னணிக் காவற்படை ஒன்றைப் பதுங்கியிருந்த மைசூர்க் குதிரைப்படை அழித்தது. கூட்டும் ஹைதரும் நேருக்கு நேர் மோதிய கடைசிப் போர் ஜூன் 2ஆம் தேதி மோதலே. அந்த டிசம்பரில் ஹைதர் சித்தூர் அருகே இறந்தார்.

திப்புவுடனான போரில் 1790இல் கம்பெனியின் நடுப்படை ஆரணியில் முகாமிட்டது. அதன் தலைவர் கர்னல் ராபர்ட் கெல்லி அவ்வாண்டு செப்டம்பரில் அங்கேயே இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த கல்தூண் இன்றும் ஆரணியில் நிற்கிறது. அதன்பிறகும் சில காலம் ஆரணி கம்பெனியின் படைத்தளமாகவே இருந்தது.

வரலாற்றில் இந்த நாற்பதாண்டுகளை அழுத்திச் சொல்லவேண்டிய காரணம் ஒன்று உண்டு. 1751இல் கோட்டையைத் திறக்க மறுக்கும் நிலையில் ஆரணித் தலைவர் இருந்தார். 1782இல் அதே கோட்டைக்காக இரண்டு பேரரசுகள் மோதியபோது ஜாகீர் குடும்பம் களத்திலேயே இல்லை. 1790இல் அங்கே இருந்தது கம்பெனியின் படை. 1771இல் நவாபிடம் போன நிலம் பின்னர் குடும்பத்திடம் திரும்பியது. நிலத்துக்குக் காரணமாக இருந்த வேலை திரும்பவில்லை. 1801 ஜூலையில் நவாபிடமிருந்து கர்நாடகத்தின் முழு நிருவாகத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, காக்கக் கோட்டையும் நடத்தப் படையும் இல்லாத ஜாகீர்தாரைத்தான் அது எதிர்கொண்டது.

கம்பெனி அவரை அகற்றவில்லை. 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி விதிமுறையால் மாகாணத்தின் பல பாளையங்கள் ஜமீன்களாக மாறின. ஆரணி ஜாகீர் என்ற பெயரோடே தொடர்ந்தது. ஜாகீர்தார் பேஷ்கஷ் என்ற நிலையான தொகையை அரசுக்குச் செலுத்தினார். ஊர்களின் வருவாய் அவருடையது. எதிர்த்த பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்ட காலத்தில், எதிர்க்க வலுவில்லாத ஒரு பழைய குடும்பத்தை விட்டுவைப்பதில் கம்பெனிக்கு இழப்பு ஒன்றுமில்லை.

ஒரே கேள்வி, இரண்டு கண்டங்கள்

ஆட்சி மாறும்போது பழைய ஆட்சி கொடுத்த மானியத்தைப் புதிய ஆட்சி ஏற்க வேண்டுமா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் எழுந்தது. கலிபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. மெக்சிகோ 1824இல் இயற்றிய குடியேற்றச் சட்டப்படி தனியாருக்கு 11 சதுர லீக், அதாவது சுமார் 48,700 ஏக்கர் வரை பண்ணை மானியம் வழங்கலாம். சொனோமாவின் படைத்தளபதி மரியானோ வயேஹோ 1834இல் பெட்டலூமா பண்ணையைப் பெற்றார்; பின்னர் அது 66,000 ஏக்கராக வளர்ந்தது. எல்லையைக் காத்த வீரனுக்கு நிலம் என்ற அளவில் வேதாஜி பாஸ்கரும் வயேஹோவும் ஒரே வகையினர்.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. உடன்படிக்கை பழைய உடைமைகளுக்கு மதிப்புத் தருவதாகச் சொன்னது. ஆனால் 1851இன் நிலச் சட்டம் ஒவ்வொரு உரிமையாளரும் தம் உரிமையைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. எண்ணூறுக்கு மேற்பட்ட வழக்குகள் ஆணையத்தின் முன் வந்தன. பெரும்பாலானவை வென்றன. ஆனால் இறுதிப் பட்டயம் கைக்கு வருவதற்குள் வழக்குச் செலவும் வட்டியும் குடியேறிகளின் ஆக்கிரமிப்பும் பண்ணைகளைத் தின்றுவிட்டன. வயேஹோவின் மற்றொரு பண்ணையான சுஸ்கோல் மீதான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1862இல் மறுத்தது. பெருநிலக்காரராக வாழ்ந்தவர் 1890இல் இறக்கும்போது சில நூறு ஏக்கருக்கும் குறைவான இடத்தில் வாழ்ந்தார்.

ஆரணியின் 184 சதுர மைல் ஏறக்குறைய 1,18,000 ஏக்கர். பெட்டலூமாவைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. அது தப்பியதற்குக் காரணம் கம்பெனியின் கருணை என்று கொள்ள இடமில்லை. அமெரிக்கர்கள் மண்ணிலேயே குடியேற வந்தார்கள். ஆகவே மண் வேண்டியிருந்தது. கம்பெனிக்கு வேண்டியது வரி. உழவர்கள் ஏற்கெனவே நிலத்தில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து பணத்தைத் திரட்டித் தவறாமல் பேஷ்கஷ் கட்டும் ஒருவர் இருப்பது அரசுக்கு வசதி. கலிபோர்னியப் பண்ணையாரின் மானியத்தைக் குடியேறிகளின் பசி அழித்தது. ஆரணியின் மானியத்தை, அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதவர்களின் உரிமைக் குரல் அழித்தது. இந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாக எண்ணுவது நியாயமாகாது.

குடிகளும் ஜாகீர்தாரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போளூர்ப் பக்கத்து உழவருக்கும் ஆரணிப் பக்கத்து உழவருக்கும் இருந்த வேறுபாடு எல்லைக்கல்லில் தொடங்கியது. போளூர் தாலுகாவில் பொதுவாக ரயத்துவாரி முறை: நிலம் அளக்கப்பட்டுச் சர்வே எண் இடப்பட்டது, பட்டா உழவர் பெயரில், தீர்வை நேரே சர்க்காருக்கு. மழை பொய்த்தால் வஜா எனும் தீர்வைத் தள்ளுபடி கேட்கலாம், ஜமாபந்தி எனும் ஆண்டு வரிக் கணக்குத் தணிக்கையில் முறையிடலாம். ஜாகீர்ப் பக்கத்தில் உழவர் எதிர்கொண்டது சர்க்காரை அல்ல, ஜாகீர்தாரின் கச்சேரியை. ஏரி மதகு உடைந்தால் சரிசெய்ய வேண்டியவர் ஜாகீர்தார். வாரத்தை எவ்வளவு, எப்போது, எப்படி அளப்பது என்ற வழக்கும் அவருடைய ஆட்களோடுதான். இந்த ஏற்பாட்டில் நல்ல ஜாகீர்தார், கெட்ட ஜாகீர்தார் என்ற பேதம் இரண்டாம் பட்சம். ஏரியின் பராமரிப்பு ஒருவர் மனத்தைப் பொறுத்திருக்கும் அமைப்பே உழவருக்குக் கேடு.

1908இன் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் இந்த உறவை விரிவாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஜமீன்களோடு ஜாகீர்களும் அச்சட்டப்படி எஸ்டேட்டுகள். சாகுபடி நிலத்தில் குடிகளுக்கு நிலையான அனுபோக உரிமையை அது உறுதிசெய்தது. பட்டாவும் குடியின் ஒப்புதல் சீட்டான முச்சலிக்காவும் எழுத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. தானிய வாரத்தைப் பணத் தீர்வையாக மாற்றக் கோரும் வழியையும் திறந்தது. நில உடைமையாளர்களிடமிருந்து அதற்கு வந்த எதிர்ப்பு பெரிது. குடிகளுக்கோ நீதிமன்றம் போகும் செலவு பெரிது. சட்டத்தின் பயன் ஊர்களை மெல்லத்தான் எட்டியது.

ஜாகீரின் எல்லைக்குள் நெசவாளர்களும் பெருந்தொகையினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணிக்குப் பெயர் இருந்தது. இயந்திரத் துணியின் போட்டியில் அது மங்க, பட்டு மேலெழுந்தது. கொசப்பாளையம் போன்ற பகுதிகளில் சௌராஷ்டிரர்களும், ஆரணியிலும் சுற்றூர்களிலும் செங்குந்தர் முதலியோரும் தறி போட்டார்கள்; போளூர் வட்டாரத்து ஊர்களிலும் அந்தத் தறிகளின் ஓசை பரவியது. இன்று புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் பெருமையை அரண்மனையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சந்தைக்கும் கோயிலுக்கும் அருகே ஒரு நகரம் நிலைத்திருக்க ஜாகீரின் தொடர்ச்சி உதவியிருக்கும். தறிக் குழியில் உட்கார்ந்து தொழிலை வளர்த்தவர்கள் நெசவாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். பாவு போட்டதும் நூல் இழைத்ததும் அவர்கள் கை.

குடும்பத்தில் சீனிவாச ராவ், திருமலை ராவ் என்ற பெயர்கள் மாறி மாறி வந்தன. சாகிப் என்ற மரியாதைச் சொல் கூடவே வந்தது. எஸ்.வி. நகரத்து அரண்மனையைத் தவிர, பூசிமலைக்குப்பத்தில் காட்டை ஒட்டி ஐரோப்பியப் பாணியில் எழுப்பிய மாளிகை அவர்களுடைய பிற்காலத்தைக் காட்டுகிறது. வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்டிருந்த அதைக் கண்ணாடி மாளிகை என்று ஊரார் அழைத்தார்கள். ஆங்கிலப் பெண் ஒருத்திக்காக ஜாகீர்தார் கட்டியது என்ற கதை வட்டாரம் எங்கும் உலவுகிறது. கதை எப்படியாயினும், பழைய குடும்பத்தின் செல்வம் பதினேழாம் நூற்றாண்டில் மதில்களைக் காக்கச் செலவானதையும், பின்னாளில் காட்டோரத்து ஓய்வு மாளிகைக்குச் செலவானதையும் அந்தக் கட்டடம் கண்முன் நிறுத்துகிறது.

1948க்குப் பிறகு

எஸ்டேட்டுகளை ஒழிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1930களில் மாகாண அரசியலின் நடுவுக்கு வந்தது. ராஜாஜி அமைச்சரவையில் வருவாய் அமைச்சரான த. பிரகாசம் தலைமையில் அமைந்த குழு 1938இல் அறிக்கை தந்தது. நிலத்தின் உரிமை குடிகளுக்கே உரியது என்பது அதன் நிலைப்பாடு. போர் குறுக்கிட்டது. நாடு விடுதலை பெற்றபின், உழவர் குடியிலிருந்து வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமாக எஸ்டேட் ஒழிப்பு நிறைவேறியது.

சட்டத்தின் இயக்கம் தெளிவானது. அரசு அறிவிக்கும் நாளில் எஸ்டேட் முழுவதும், ஏரி, கால்வாய், காடு, புறம்போக்கு உட்பட, எந்தப் பாரமும் இன்றி அரசைச் சேரும். சாகுபடி நிலங்களில் குடிகளுக்கு ரயத்துவாரி பட்டா கிடைக்கும். தமது பண்ணை நிலம் என்று மெய்ப்பிக்க முடிந்த இடங்களுக்கு மட்டும் பழைய உடைமையாளர் பட்டா கோரலாம். எஸ்டேட்டின் நிகர வருவாயைக் கொண்டு அடிப்படை ஆண்டுத் தொகை ஒன்று கணக்கிடப்பட்டது. 1,000 ரூபாய்க்கு உட்பட்ட சிறிய எஸ்டேட்டுக்கு அதன் 30 மடங்கு இழப்பீடு. தொகை உயர உயர மடங்கு குறைந்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 12½ மடங்காக நின்றது. குடும்பத்தின் பங்காளிகளும் கடன்காரர்களும் அந்தத் தொகையில் தத்தம் பங்கைத் தீர்ப்பாயங்களில் கோரலாம். மூன்று நூற்றாண்டு உறவு இப்படி ஒரு கூட்டல் கழித்தலாகச் சுருங்கியதில் பழைய குடும்பங்களுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஏரிக்கரையில் நின்று பார்த்தால், அந்த ஏரி முதன்முறையாக ஊராரின் வரியில் இயங்கும் அரசின் பொறுப்பாயிற்று. இரண்டில் எது பெரிது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

பட்டா வழங்குவதற்கு முன் ஜாகீர் ஊர்களை அரசு முறைப்படி அளந்து நிலவரித் திட்டம் செய்தாக வேண்டியிருந்தது; போளூரில் முந்திய நூற்றாண்டிலேயே முடிந்த வேலை இங்கே அப்போதுதான் நடந்தது. எஸ்டேட் ஒழிப்புக்குள் வராமல் எஞ்சியிருந்த இனாம்களை 1963இன் 26ஆம், 30ஆம் சட்டங்கள் முடித்துவைத்தன. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பிட்டது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. பண்ணை நிலமாகத் தங்கியிருந்த பெரும்பரப்புகளையும் இந்த வரம்பு பிடித்தது.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வடஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, ஆரணியும் போளூரும் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்ற புதிய மாவட்டத்தில் சேர்ந்தன. ஆரணிக் கோட்டை வளாகத்தில் அரசு அலுவலகங்கள் இயங்குகின்றன. பழைய ஜாகீர் ஊர்களின் நிலம் இன்று ஆரணி வட்டாட்சியர் அலுவலகத்தின் ‘அ’ பதிவேட்டில், போளூர் வட்டத்து நிலத்தைப் போலவே, புல எண்ணும் தீர்வையும் பட்டாதாரர் பெயருமாக எழுதப்பட்டிருக்கிறது.